இழுப்பறையில் சாகும் கேம் பாய்

நியூயார்க் நகரத்தின் ராக்கஃபெல்லர் பிளாசாவில் நின்டெண்டோ நிறுவனத்துக்கு ஒரு கடை இருக்கிறது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கேம் பாய் பல ஆண்டுகள் காட்சிக்கு இருந்தது. 1990-91 வளைகுடாப் போருக்குப் போன அமெரிக்கப் படைவீரர் ஒருவருடைய கருவி அது. தீயில் அகப்பட்டு, அதன் பிளாஸ்டிக் உடம்பு கருகிக் கொப்பளித்துவிட்டது. ஆனால் மின்சாரம் கொடுத்தால் வேலை செய்தது. கடையில் இருந்த காலமெல்லாம் அதன் திரையில் டெட்ரிஸ் ஓடிக்கொண்டிருந்தது. 2023இல் அதை அமெரிக்கத் தலைமையகத்துக்கே எடுத்துப்போய்விட்டார்கள். அந்தக் காலத்துப் பொருள்களின் உறுதியை மெச்சுவதற்கு இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். மெச்சிவிட்டு, கதையின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். தீயில் விழுந்த கருவி பிழைத்துக்கொண்டது. அதே ரகக் கருவிகளில் எத்தனையோ, கீறல்கூடப் படாமல் உறைக்குள் பத்திரமாக வைக்கப்பட்டவை, உள்ளே விட்டுவைத்த நான்கு பென்சில் பேட்டரிகளால் செத்துப்போயின. 1989இல் அறிமுகமான கேம் பாயும் பின்னர் வந்த கேம் பாய் கலரும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றவை. இன்று பழைய சாமான் சந்தையில் அவற்றைத் தேடுகிறவர் முதலில் செய்கிற காரியம், பின்மூடியைத் திறந்து பேட்டரி வைக்கும் குழியைப் பார்ப்பது.

கையடக்க விளையாட்டுக் கருவியைப் பராமரிப்பது என்றால் துடைப்பது, தூசி தட்டுவது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். விளையாடினால் அழுக்காகும், அழுக்கானால் கெடும், ஆகவே அடிக்கடி துடைக்கவேண்டும், முடிந்தால் விளையாடாமலே வைத்திருக்கவேண்டும் என்று அந்த எண்ணம் நீள்கிறது. கருவிக்குள் நடக்கும் வேதியியல் இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. ஒரு முக்கியமான விதிவிலக்கு நீங்கலாக, இந்தக் கருவிகளை விளையாட்டைவிட ஓய்வுதான் அதிகம் கெடுக்கிறது. எனவே பராமரிப்பின் பெரும்பகுதி, அந்த ஓய்வைச் சரியாக ஏற்பாடு செய்வதில் அடங்கியிருக்கிறது. துடைப்பதற்கு அதில் சிறிய இடம்தான் உண்டு. அந்தச் சிறிய இடத்திலும், துடைக்கப்போகிற பொருள் இன்னதென்று தெரியாமல் கைவைத்தால் நன்மையைவிடக் கேடு கூடுதல்.

பேட்டரியிலிருந்தே தொடங்கலாம். ஆல்கலைன் பேட்டரிக்குள் துத்தநாகத் தூள், மாங்கனீசு டையாக்சைடு, இரண்டுக்கும் நடுவே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற கடுமையான காரக் கரைசல். மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் துத்தநாகம் அந்தக் காரத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக வினைபுரிந்துகொண்டே இருக்கும். அப்போது ஹைட்ரஜன் வாயு பிறக்கும். முன்பெல்லாம் துத்தநாகத்தோடு சிறிதளவு பாதரசம் கலந்து இந்த வாயுவை அடக்கிவைத்தார்கள். சுற்றுச்சூழல் கேடு கருதி 1990களில் பாதரசம் விலக்கப்பட்டது. அமெரிக்காவில் 1996இல் அதற்கென்று சட்டமே வந்தது. வாயு சேரச் சேர உள்ளே அழுத்தம் ஏறும். ஒரு கட்டத்தில், வெடிக்காமல் இருப்பதற்காக அமைக்கப்பட்ட அடைப்பு திறந்து, வாயுவோடு காரமும் வெளியேறும். நான்கு பேட்டரிகளை வரிசையாகப் போடும் கருவியில் இன்னொரு சிக்கலும் உண்டு. நான்கில் ஒன்று முதலில் தீர்ந்துபோனால், மற்ற மூன்றும் அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளி அதன் துருவத்தையே புரட்டிவிடும். அந்த நிலையில் வாயு இன்னும் வேகமாகப் பிறக்கும். பழைய பேட்டரியையும் புதியதையும் கலந்து போடாதே என்று உறையில் அச்சடித்திருப்பதற்கு இதுவே காரணம். கூடுதல் பேட்டரி விற்கும் தந்திரம் என்று அதை நினைக்கவேண்டாம்.

வெளியே வந்த காரம் வந்த இடத்தில் நிற்பதில்லை. நெகட்டிவ் முனையின் உலோகப் பரப்பைப் பற்றிக்கொண்டு மெல்ல ஊர்ந்து போகும். காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாகப் படியும். பேட்டரி பூத்துப்போச்சு என்று நாம் சொல்கிற வெள்ளைப் பொடி அதுதான். ஸ்பிரிங்கின் நிக்கல் பூச்சைத் தின்று, கீழே உள்ள இரும்பைத் துருவாக்கி, சர்க்யூட் போர்டின் செம்புக் கோடுகள் வரை போய்ச் சேர்ந்தால் அங்கே பச்சையும் நீலமுமாகக் களிம்பு ஏறும். பித்தளைப் பாத்திரத்துக் களிம்பைப் புளி போட்டு எடுப்பது போலத்தான் இதற்கும் மருத்துவம்: காரத்தை மிதமான அமிலம் கொண்டு சமன் செய்யவேண்டும். காது குடையும் பட்ஸில் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ தொட்டு, படிந்த இடத்தில் ஒற்றினால் சிறுசிறு குமிழிகள் எழும். கார்பனேட் உடைந்து கரியமில வாயு வெளியேறுவதன் அடையாளம் அது. குமிழி நின்றுவிட்டால் வினை முடிந்தது என்று கொள்ளலாம். கையுறை அவசியம், கண்ணில் காரம் தெறித்தால் கண்ணின் முன்பக்கத்துக் கருவிழிப் படலமே கெட்டுவிடக்கூடும்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் பிழை. மிச்சமிருக்கும் அமிலமும், வினையில் உண்டான பொட்டாசியம் உப்பும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு, மின்சாரமும் கடத்தி, அரிப்பைப் புதிதாகத் தொடங்கிவைக்கும். வாலைவடிநீர் தொட்ட பட்ஸால் துடைத்து, அதன் பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டு அந்த நீரையும் வெளியேற்றிவிட வேண்டும். இன்னொன்று: பேட்டரிக் கசிவுக்குச் சமையல் சோடா என்று ஒரு குறிப்பு எங்கும் சுற்றிவருகிறது. சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடுகிற விலை குறைந்த துத்தநாக-கார்பன் பேட்டரிக்கு அது பொருந்தும், ஏனென்றால் அதிலுள்ள கரைசல் அமிலத்தன்மை உடையது. ஆல்கலைன் கசிவின் மேல் சமையல் சோடாவைப் போடுவது காரத்தின் மேல் காரத்தைக் கொட்டுவதாகும். பேட்டரியின் மேலுறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்த பிறகே புட்டியைத் திறக்கவேண்டும்.

பேட்டரியை எடுத்துவிட்டு வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. சேகா நிறுவனம் 1990இல் ஜப்பானில் வெளியிட்ட கேம் கியர் இதற்கு நல்ல சாட்சி. வண்ணத்திரை, உள்ளிருந்து ஒளிரும் விளக்கு என்று கேம் பாயைவிடப் பகட்டானது. ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். அதன் போர்டில் பதித்த சிறு அலுமினிய மின்தேக்கிகளுக்குள் திரவ மின்பகுளி இருக்கிறது. ரப்பர் அடைப்பு தளர்ந்ததும் அந்தத் திரவம் கசிந்து போர்டில் பரவுகிறது. ஒலி முதலில் மங்கி, பிறகு நின்றுபோகும், திரை வெளுத்துப்போகும். சாலிடரிங் இரும்பை அங்கே வைத்தால் மீன் கவிச்சி அடிக்கும் என்று பழுது பார்ப்பவர்கள் சொல்வது அந்த மின்பகுளியின் வாடையைத்தான். இன்று கிடைக்கிற கேம் கியர் எதுவானாலும், மின்தேக்கிகள் மாற்றப்பட்டனவா என்று முதலில் கேட்பது வழக்கமாகிவிட்டது. மின்னழுத்தம் கிடைக்காமல் நெடுநாள் கிடந்தால், கசியாத மின்தேக்கியும் தளரும். அதற்குள் இருக்கும் அலுமினிய ஆக்சைடு படலம் மெல்லக் கரைந்து மெலியும். மின்னழுத்தம் கிடைத்தால் தன்னைத்தானே திரும்பக் கட்டிக்கொள்ளும். ஆகவே மாதம் ஒருமுறை கருவியை ஓடவிடுவது அதன் உறுப்புகளுக்கு உண்மையிலேயே உணவு.

ஓய்வைவிட உழைப்பு நல்லது என்பதற்கு இன்னும் தெளிவான சான்று, விளையாட்டைத் தாங்கிக் கருவியில் செருகப்படும் கார்ட்ரிட்ஜின் தங்கப் பற்கள். விளையாட்டு தொடங்காவிட்டால் கார்ட்ரிட்ஜை உருவி, வாயால் ஊதி, மறுபடி செருகுவதை ஒரு தலைமுறையே உலகெங்கும் செய்தது. வேலையும் செய்தது. ஆனால் அதைச் சாதித்தது மூச்சு இல்லை. உருவிச் செருகும்போது பொருத்துவாயின் உலோக நாக்குகள் பற்களின் மேல் உரசி, அங்கே படிந்திருந்த மெல்லிய ஆக்சைடையும் பிசுக்கையும் சுரண்டிவிடுகின்றன. இணைப்பிகளை வடிவமைப்பவர்கள் வேண்டுமென்றே வைக்கிற உரசல் அது. மூச்சு கொண்டுவந்தது ஈரமும் எச்சில் துளியும்தான். தங்கம் களிம்பேறாது என்பது சரி. ஆனால் பற்களில் இருப்பது ஒரு மைக்ரான்கூட வராத தங்கப் பூச்சு. அதன் நுண்துளைகள் வழியே ஈரம் இறங்கினால், கீழே உள்ள நிக்கலும் செம்பும் அரிபட்டு மேலே கசியும். அடிக்கடி செருகி எடுக்கப்படும் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே ஓடுவதற்கும், பத்தாண்டு கழித்து எடுத்தது முரண்டு பிடிப்பதற்கும் காரணம் இந்த உரசல்தான். ஒலியைக் கூட்டும் சக்கரம் கரகரப்பதும் அப்படியே. மின்சாரம் இல்லாமல் இருபது தடவை முழுதாகச் சுழற்றினால் பல சமயம் சரியாகிவிடும்.

முரண்டு பிடித்தால் சுத்தம் செய்யத்தான் வேண்டும். இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். நின்டெண்டோவே தன் பழைய கார்ட்ரிட்ஜ்களின் பின்புறத்தில் பென்சீன், தின்னர், ஆல்கஹால் எதனாலும் சுத்தம் செய்யாதே என்று அச்சடித்திருந்ததே, பிறகு எல்லோரும் ஆல்கஹாலைப் பரிந்துரைப்பது எப்படி? அந்த எச்சரிக்கையில் பொருள் உண்டு. திரையின் முன்னால் இருக்கும் அக்ரிலிக் மூடியிலும், இறுக்கமாகத் திருகப்பட்ட பிளாஸ்டிக் மூலைகளிலும் ஏற்கெனவே உள்ளழுத்தம் இருக்கும். அங்கே ஆல்கஹால் பட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் வலைபோல் ஓடும். அச்சடித்த எழுத்துகளும் அழியலாம். வாங்குகிறவர் எதன் மேல் எதை ஊற்றுவார் என்று தெரியாத நிறுவனம் ஒட்டுமொத்தமாகத் தடுத்துவிட்டது, அவ்வளவுதான். உலோகப் பற்களை மட்டும், பட்ஸ் நனையும் அளவுக்கு மட்டும் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பதால் பற்களுக்கு எந்தக் கேடும் இல்லை. திரைக்கும் உடம்புக்கும் நீர் தொட்டுப் பிழிந்த மெல்லிய துணி போதும்.

எந்த ஆல்கஹால் என்பதிலும் கவனம் வேண்டும். கொரோனா காலத்தில் வீடு வீடாக வந்த கைசுத்திகரிப்பான் புட்டி இன்னும் பல அலமாரிகளில் இருக்கிறது. அதிலும் ஆல்கஹால்தானே என்று கை நீளும். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரங்களில் ஒன்றின்படி செய்த கைசுத்திகரிப்பானில் 75 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோடு, தோல் வறளாமல் இருக்க 1.45 விழுக்காடு கிளிசராலும் உண்டு. ஆல்கஹால் பறந்துபோன பிறகும் கிளிசரால் பற்களின் மேல் பிசுக்காக உட்கார்ந்து தூசியைச் சேர்க்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் எஞ்சிய 30 விழுக்காடும் தண்ணீர். கிருமியைக் கொல்ல அந்தத் தண்ணீர் தேவை, அது இல்லாமல் புரதம் சரியாகச் சிதையாது. சர்க்யூட் போர்டுக்கு அதே தண்ணீர்தான் வேண்டாத விருந்தாளி. செல்போன் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று சொல்லி வைத்திருக்கும் 99 விழுக்காட்டுச் சரக்கே இந்த வேலைக்கு உகந்தது. 82 டிகிரியில் கொதிக்கும் அது, அறை வெப்பத்திலேயே சுவடின்றி ஆவியாகும். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகக் கூடாது.

அதே கடைகளில் இன்னொரு பழக்கமும் உண்டு: கம்ப்யூட்டர் ரேம் பற்களைப் பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்ப்பது. பளிச்சென்று ஆகும், கருவியும் ஓடும். பளிச்சிடுவது எதனால் என்று பார்த்தால், அந்த மைக்ரான் கணக்குப் பூச்சிலிருந்தும் கொஞ்சம் சேர்ந்து போனதால்தான். ஆல்கஹாலுக்கு மசியாத கடைசி நிலைக்கு ஒருமுறை செய்யலாம். வாடிக்கையாக்கினால் பூச்சு தீர்ந்துவிடும். உப்புத்தாள் பேச்சே வேண்டாம். துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயையும் பொருத்துவாயில் அடிக்கக் கூடாது. பட்டன்களுக்கு அடியில் இருக்கும் சிலிக்கான் ரப்பர் குமிழ்களில் கார்பன் பூசிய கறுப்பு வட்டம் ஒன்று உண்டு; அழுத்தும்போது அது போர்டின் கோடுகளை இணைக்கிறது. விரல் எண்ணெயும் வியர்வை உப்பும் இறங்கி அங்கே படலம் கட்டினால் பட்டன் மந்தமாகும். ரப்பரைச் சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்தினாலே தீர்ந்தது. அழுத்தித் தேய்த்தால் கார்பனே போய்விடும். பிளாஸ்டிக் மஞ்சளானால் ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்கச் செய்கிற முறை ஒன்று பிரபலம். மஞ்சள் திரும்பிவரும், கருவியின் ஆயுளும் கூடாது. எனக்கு அதில் அக்கறை இல்லை.

கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே ஓய்வின் கேடு ஒன்று குடியிருக்கிறது. போக்கிமான் போன்ற நீண்ட விளையாட்டுகளில் ஆடியவரின் முன்னேற்றம் ஒரு நினைவகச் சில்லில் பதிவாகும். மின்சாரம் நின்றால் அந்தச் சில்லு எல்லாவற்றையும் மறந்துவிடும் வகை. மறக்காமல் இருக்க அதற்குப் பக்கத்தில் ஒரு 3 வோல்ட் லித்தியம் பட்டன் பேட்டரியைச் சாலிடர் செய்து வைத்தார்கள். 1999இல் ஜப்பானில் வந்த போக்கிமான் கோல்டு, சில்வர் இரண்டிலும் இரவு பகல் கணக்கு வைக்க ஒரு கடிகாரமும் சேர்ந்துகொண்டதால் அவற்றின் பேட்டரி முந்தையவற்றைவிடச் சீக்கிரம் தீர்கிறது. இதில் கவனிக்கவேண்டியது, கருவியில் செருகி விளையாடும் நேரத்தில் அந்தச் சில்லுக்கு மின்சாரம் கேம் பாயிலிருந்து போகிறது. பட்டன் பேட்டரி அப்போது சும்மா இருக்கிறது. அலமாரியில் கிடக்கும் நேரத்தில்தான் அது கரைகிறது. பேட்டரியை மாற்றுவதற்காகக் கழற்றினால் பதிவு அழிந்துபோகும் என்பதால், கார்ட்ரிட்ஜைப் படிக்கும் சாதனம் ஒன்றின் மூலம் பதிவை முதலில் கணினியில் எடுத்துவைத்துக்கொள்கிறார்கள். பேட்டரி தீர்ந்த பிறகு இதற்கெல்லாம் வழியில்லை.

இதெல்லாம் பழைய கருவிகளின் வியாதி, இப்போதுள்ளவற்றில் லித்தியம் அயான் பேட்டரி இருக்கிறது, கசியாது என்று சொல்லலாம். கசியாது, சரி. ஆனால் அதற்கும் ஓய்வு ஆகாது. 2017இல் வந்த ஸ்விட்ச் கருவியைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் செய்யுங்கள் என்று நின்டெண்டோ சொல்கிறது. காரணம் எளிது. அணைத்து வைத்த நவீனக் கருவி முழுக்க அணைவதில்லை. பழைய கேம் பாயின் சுவிட்ச் மின்சுற்றைத் துண்டித்துவிடும், இதில் ஏதோ ஒரு சில்லு விழித்துக்கொண்டே இருக்கும். மின்னழுத்தம் அளவுக்கு மீறி இறங்கினால் பேட்டரிக்குள் இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே குறுக்குச்சுற்று உண்டாக்கலாம். அதனால்தான் பாதுகாப்புச் சுற்று அத்தகைய பேட்டரியை ஏற்க மறுத்துவிடுகிறது. மறுமுனையும் ஆபத்து. நூறு விழுக்காடு நிரப்பி, மே மாத வெயிலில் காருக்குள் விட்டால் வேதிச் சிதைவு வேகம் பிடிக்கும். நெடுநாள் வைக்கவேண்டுமானால் ஏறக்குறையப் பாதி சார்ஜில், குளிர்ச்சியான இடத்தில் வைப்பது நல்லது. சோனி 2004இல் கொண்டுவந்த பிளேஸ்டேஷன் போர்ட்டபிளின் பேட்டரிகள் உப்பிப்போய் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்பது பழைய கருவி சேகரிப்பவர்களுக்குப் பழகிய காட்சி. உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது; கழற்றி மின்கழிவு வாங்குவோரிடம் சேர்ப்பது ஒன்றுதான் வழி.

அப்படியானால் காற்றுப் புகாத பையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, பேட்டரி எடுத்துவிட்டு வைக்கும் சேகரிப்பாளர்கள் முட்டாள்களா? இல்லை. ஓய்வைச் சரியாக ஏற்பாடு செய்கிறவர்கள் அவர்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்திருக்கும். தூசி அந்த ஈரத்தை உறிஞ்சி மின்சாரம் கடத்தத் தொடங்கும். சில கருவிகளின் பிடியில் பூசியிருக்கும் பாலியூரித்தேன் மென்பூச்சு, ஈரத்தில் மெல்லச் சிதைந்து கையில் ஒட்டும் பிசினாக மாறும். இவற்றுக்கு உலர்ந்த பை சரியான மருந்து. ஆனால் பைக்குள் போட்டுவிட்டு மறந்தால் மின்தேக்கியும் லித்தியமும் தம் போக்கில் போகும். பை வேண்டும், நாள்காட்டியில் குறிப்பும் வேண்டும்.

இனி அந்த விதிவிலக்கு. விளையாடுவதாலேயே தேயும் உறுப்பு ஒன்று இருக்கிறது, அது ஸ்விட்சின் ஜாய்-கான் என்ற கைப்பிடியில் உள்ள திசைக் குச்சி. விரலை எடுத்த பிறகும் திரையில் பாத்திரம் தானாக நகர்கிற கோளாறால் 2019இல் அமெரிக்காவில் வழக்கு தொடுக்கப்பட்டது. 2020 ஜூனில் நின்டெண்டோவின் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா பங்குதாரர்கள் முன்னிலையில் வருத்தம் தெரிவித்தார். 2023இல், உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் இலவசமாகச் சரிசெய்து தர ஐரோப்பாவில் ஒப்புக்கொண்டது நிறுவனம். குச்சிக்கு அடியில் கார்பன் பூசிய தடத்தின் மேல் ஓர் உலோக நாக்கு சறுக்குகிறது. அது நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்னழுத்தம் மாறும்; அதை வைத்தே கருவி குச்சியின் திசையை அறிகிறது. கார்ட்ரிட்ஜில் நன்மை செய்த அதே உரசல் இங்கே எதிரி. தங்கப் பற்களில் ஒருமுறை செருகினால் ஒருமுறை உரசல். குச்சியிலோ ஒரு மாலைப் பொழுதில் ஆயிரக்கணக்கான உரசல், அதுவும் மென்மையான கார்பனின் மேல். தேய்ந்த துகள் அங்கேயே கிடக்கும், தடமும் பள்ளமாகும்.

இந்த இடத்தில்தான் துடைப்பதன் எல்லை தெரிகிறது. குச்சியின் அடியில் உள்ள மடிப்பைத் தூக்கிக் காண்டாக்ட் கிளீனர் அடித்தால் சில நாளோ சில வாரமோ சரியாக இருக்கும், ஏனென்றால் துகள் நகர்ந்துபோயிருக்கும். பள்ளம் நிரம்பாது. ஒழுங்காகத் துடைத்து வைத்திருந்தால் இந்தக் கோளாறு வந்திருக்காது என்று வாங்கியவரைக் குறை சொல்வது பொருளற்றது. இயற்பியலாளர் எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவைப் பயன்படுத்தி, காந்தமும் உணரியும் ஒன்றையொன்று தொடாமலே திசையறியும் குச்சியைச் செய்யமுடியும். சேகா 1998இல் டிரீம்காஸ்ட் கருவிக்கு அப்படித்தான் செய்தது. தெரிந்த தொழில்நுட்பம், இருந்தும் 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 குச்சியிலும் ஹால் உணரி இல்லை. ஆகவே ஓய்வு கெடுக்கும் என்ற என் வாதத்துக்கு ஜாய்-கான் எதிர்ச்சான்று என்று சொல்பவருக்கு என் பதில்: அது விளையாட்டின் குற்றம் அல்ல, விளையாடுவதற்கென்றே செய்த உறுப்பை விளையாட்டுக்குத் தாங்காதபடி செய்ததன் குற்றம்.

விசிறி உள்ள கருவிகளுக்கும் உழைப்பால் ஒரு தொல்லை உண்டு, சிறியது. ஸ்விட்ச், 2022இல் வந்த ஸ்டீம் டெக் இரண்டும் காற்றை இழுத்துத் தம்மைக் குளிர்வித்துக்கொள்கின்றன. காற்றோடு பஞ்சும் வந்து வெப்பம் கடத்தும் தகடுகளில் அடையும். காற்றுக் குப்பியை நேராகப் பிடித்து, விரலாலோ குச்சியாலோ விசிறியை அசையாமல் நிறுத்திவிட்டு, குறுகிய வீச்சுகளாக அடிக்கவேண்டும். குப்பியைத் தலைகீழாகப் பிடித்தால் உள்ளிருக்கும் திரவமே உறைகுளிராகத் தெறிக்கும். விசிறி காற்றின் வேகத்தில் சுற்றினால் தாங்கி கெடும், மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பவும் கூடும்.

இவ்வளவு பாடு எதற்கு, அந்த விளையாட்டுகளையெல்லாம் செல்போனிலேயே ஆடலாமே என்பது கடைசி ஆட்சேபம். ஆடலாம். டெட்ரிஸை மட்டும் வேண்டுகிறவருக்குப் பழைய கருவி தேவையில்லை, அவரிடம் இருக்கிற கேம் பாயை வேண்டுகிறவருக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் கேள்வி பழைய கருவிகளோடு முடிவதில்லை. ஸ்விட்ச் பதினைந்து கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. அவை ஒவ்வொன்றிலும் லித்தியம் பேட்டரி ஒன்று, ஆட ஆடத் தேயும் குச்சிகள் இரண்டு. இன்று சிறுவர் கையில் இருக்கும் அவை சில ஆண்டுகளில் ஏதோ ஒரு இழுப்பறைக்குப் போகும். அங்கே அவை என்ன ஆகும் என்பது துடைக்கும் துணியைவிட, மூடியைத் திறக்க விடுவார்களா என்பதைப் பொறுத்தது. நின்டெண்டோ நெடுங்காலமாக மூன்று சிறகு கொண்ட ஸ்க்ரூவைப் போட்டு மூடுகிறது; சாதாரண ஸ்க்ரூடிரைவர் அதில் பொருந்தாது. ஸ்டீம் டெக்கைச் செய்த வால்வ் நிறுவனம் 2021இல், திறக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே திறந்து காட்டும் வீடியோ ஒன்றை வெளியிட்டது; பின்னர் உதிரிபாகங்களையும் விற்பனைக்கு விட்டது. அந்தக் கருவியின் பேட்டரியைப் பசைபோட்டு இறுக ஒட்டியிருந்ததையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த பேட்டரி ஒழுங்குமுறைப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் கையடக்கக் கருவிகளின் பேட்டரியை, சூடாக்காமலும் கரைப்பான் ஊற்றாமலும், கடையில் கிடைக்கிற கருவிகளைக் கொண்டே பயனர் கழற்றி மாற்ற முடியவேண்டும். சில வகைகளுக்கு விலக்கு உண்டு. ஐரோப்பாவுக்கு ஒரு வடிவம், மற்ற ஊர்களுக்கு ஒரு வடிவம் என்று செய்வது செலவு என்பதால், அதன் பயன் இந்தியாவில் வாங்குகிறவருக்கும் வந்துசேர வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த ஒழுங்குமுறை பேட்டரியோடு நின்றுவிடுகிறது. குச்சியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.